சுவர் தாங்கியது, நுரை தாங்கவில்லை

சுவரில் பொருத்தும் சின்-அப் பார் (தொங்கியபடி தாடை எட்டும்வரை உடலை மேலே இழுக்கும் உடற்பயிற்சிக் கம்பி) 2,400 ரூபாயிலிருந்து 1,800-க்கு இறங்கியிருக்கிறது, வாங்கட்டுமா என்று அலுவலக நண்பர் கேட்டார். அதே பாரை நான்கு ஆண்டுகளாக வீட்டில் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் அதன் கைப்பிடியில் போர்த்தியிருந்த பஞ்சுபோன்ற நுரை உறையைக் கத்தியால் அறுத்து எறிந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதவு நிலைக்கு மேல் கொக்கிபோல் மாட்டும் வகையை நான் யோசிக்கவே இல்லை. அமெரிக்க வீடுகளில் கதவைச் சுற்றி மரச்சட்டம் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்துத் தொங்குவதற்காகச் செய்தது அது. நம் வீட்டு நிலை பூச்சோடு சமமாக முடிகிறது, கொக்கி எதைப் பிடிக்கும்? நிலைக்குள் வைத்துத் திருகி இறுக்கும் வகைக்கு உராய்வு ஒன்றுதான் துணை. இறுக்க இறுக்க நிலைக்கால்களைத்தான் விலக்கித் தள்ளும். பிறகு ஓரத்துப் பூச்சில் விரிசல் விடும். ஆகவே சுவர்தான்.

சுவரைத் தேர்ந்தெடுத்த பெருமை எங்கள் எலெக்ட்ரீஷியனுக்கு. பெட்டியில் ‘200 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். “சார், அது கம்பிக்குப் போட்ட கணக்கு. சுவருக்கு இல்லை” என்றார். உண்மைதான். கம்பி சுவரிலிருந்து 60 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்பியைச் சுவரோடு பிணைக்கும் தாங்கியின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 30 செ.மீ.தான். 75 கிலோ ஆள் அசையாமல் தொங்கினாலே மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ. எகிறிப் பிடித்தால் இன்னும் கூடும். கீழ் போல்ட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே தாங்கி சுவரோடு அழுந்தித்தான் நிற்கும்.

எங்கள் வீட்டில் லின்டல் கான்கிரீட் (கதவு, ஜன்னல்களுக்கு மேலே ஓடும் பட்டை) ஏழடி உயரத்தில் சுவர் முழுக்கச் சுற்றி வருகிறது. மேல் போல்ட்டுகள் அதில் இறங்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். டிரில்லிங் மெஷின் உள்ளே போகப் போக, கொட்டும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். முதலில் பூச்சின் வெளிறிய தூள். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறத்தில் வந்தால் கான்கிரீட். முதல் துளையில் சிவப்பு வந்ததும் நிறுத்தி, இரண்டு அங்குலம் மேலே குறித்துக்கொண்டார். பெட்டியில் வந்த மெலிந்த போல்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஹார்டுவேர் கடையிலிருந்து துளைக்குள் விரிந்து பிடிக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் வாங்கிவரச் சொன்னார். இன்றுவரை ஒரு நூல்கூட அசையவில்லை. என் தம்பி மகன் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாரானதும் இதில்தான் (அங்கே பத்து முறை எடுத்தால் 40 மதிப்பெண்).

இனி நுரை. எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடற்காற்று படும் தூரத்தில் இருக்கிறது. வியர்வைக்குக் குறைவில்லை. இரண்டாவது கோடையிலேயே நுரை பிசுபிசுக்கத் தொடங்கியது. பிறகு கையோடு சுழல ஆரம்பித்தது. தாடை கம்பியை எட்டும் நேரத்தில் பிடி மெல்ல உருண்டால் வரும் எரிச்சலை எந்த மதிப்பெண்ணிலும் அடக்க முடியாது. கடைசியில் கருந்துகள்களாக உதிர்ந்தது. ரேகைகளுக்குள் புகுந்து, சட்டைக் காலரில் ஒட்டி, தரையில் மிதிபட்டு வீடு முழுக்கப் பரவியது. அறுத்துப் பார்த்தால், வியர்வையை உறிஞ்சி வைத்திருந்த இடமெல்லாம் பவுடர் பூச்சு கொப்பளித்து, அடியில் துரு. பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப்பைச் சுற்றினேன். செலவு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது பிடி கல்போல் நிற்கிறது.

விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன ‘ஆறு வகைப் பிடிகளில்’ நான் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். மற்ற ஐந்திலும் நுரை புத்தம்புதிதாக இருக்கிறது. இதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.

என் பாரை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். வாங்கட்டுமா என்றால், வேண்டாம் என்பேன். 1,200-க்கு இறங்கினாலும் வேண்டாம். இதே அளவைத் தாளில் வரைந்து வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 33 மி.மீ. சொச்சம், சிறிய கைகளுக்குச் சற்றுத் தடிமன், ஆனாலும் நன்றாகவே பிடிக்கலாம். நுரை இருக்காது.

நண்பர் இருப்பது புதிய அடுக்குமாடியில், வாடகைக்கு. அங்கே சுவர் ஏ.ஏ.சி. கல்லாக (உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) இருந்தால் சாதாரண ஆங்கர் போல்ட் விரியும்போதே கல் நொறுங்கும். கான்கிரீட் பீம் எங்கே ஓடுகிறது என்று முதலில் தேட வேண்டும். அதற்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். தாங்கிக்கு நான்கு வீதம் மொத்தம் எட்டுத் துளைகள். காலி செய்யும் நாளில் அவர் அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பார் என்பதையும் அந்த 1,800 ரூபாயோடு கூட்டிப் பார்க்கட்டும்.