தொடக்கக்காரர்களுக்கான டிராக் டே: நாகர்கோவிலிலிருந்து போகலாமா?

போகலாம். டிராக் டே என்றால் காசு கட்டி ரேஸ் டிராக்கில் நம்ம பைக்கை ஓட்டிப் பழகுகிற நாள். ஆனால் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் நான் போன அன்றைக்கு நடத்தியவர்களுக்கே அது தெளிவாக இருந்த மாதிரி தெரியவில்லை.

இடம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே. நம்ம மாவட்டத்தில் ரேஸ் டிராக் கிடையாது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒன்று இருக்கிறது, அது இன்னும் தூரம். கோயம்புத்தூருக்கே மதுரை, திண்டுக்கல் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும், அதனால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்கிவிடுங்கள். டிராக்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சுமார் 2.1 கிலோமீட்டர்தான், இருங்காட்டுக்கோட்டை 3.7. புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சின்ன டிராக்தான் நல்லது, அதே வளைவு சீக்கிரமே திரும்ப வரும், போன சுற்றில் செய்தது நினைவில் இருக்கும்போதே மாற்றிச் செய்து பார்க்கலாம்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்ட ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவுக்குள் ஈரச் சருகு கிடக்குமோ, பால் வெட்டப் போகிற ஆளின் ஸ்கூட்டர் எதிரே வருமோ என்று கண் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். அங்கே அது சரி. டிராக்கில் எதிரே ஒருத்தரும் வரப்போவதில்லை, இருந்தாலும் கண் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. ஒரு பயிற்சியாளர் இதைக் கவனித்துவிட்டு, "தம்பி, ரோட்டப் பாக்காதீங்க, வளைவு முடியற எடத்தப் பாருங்க, வண்டி தானா வருமுங்க" என்றார். அடுத்த சுற்றில் கழுத்து வலிக்கிற அளவுக்குத் திருப்பி அந்த இடத்தையே பார்த்தேன். அதே வேகம்தான், ஆனால் நேரம் தாராளமாகக் கிடைத்த மாதிரி இருந்தது, கிளிப் ஆனை (தாழ்வான ஹேண்டில்பாரை) நெரித்துக்கொண்டிருந்த கை தானாகத் தளர்ந்தது. கட்டின பணம் அந்த ஒரு வார்த்தைக்கே சரியாகிவிட்டது. கடுப்பு என்னவென்றால் அது கிடைத்தது மத்தியானத்துக்கு மேல், அதுவும் நானாகப் போய், கொஞ்சம் பாருங்கண்ணா என்று கேட்டதால். போட்டோ எடுக்க மூன்று பேர், சொல்லித்தர இரண்டே பேர்!

அதைவிடப் பெரிய கோளாறு குழு பிரித்த விதம். வண்டியின் சிசி, அதாவது இன்ஜின் அளவு பார்த்துப் பிரித்துவிட்டார்கள். 390 சிசி பைக் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத பையனும், அதே வண்டியில் முழங்கால் தரையில் தேய ஓட்டுகிறவரும் ஒரே குழுவில். என் குழுவிலும் இதே கதைதான். நேர் ரோட்டில் எல்லோரும் முறுக்கிவிடுவார்கள், அது யாருக்கும் வரும், வளைவு வந்ததும் புதியவர் பயந்து பாதி வழியில் பிரேக் பிடிப்பார், பின்னால் வருகிறவர் தன் பாதையை மாற்றி உள்ளே நுழைவார், அதைப் பார்த்து இவர் இன்னும் விறைப்பார். அனுபவத்தைக் கேட்டுப் பிரித்து, புதியவர்களுக்கு முதல் இரண்டு தடவை இறங்கும்போது முந்துவதற்கே அனுமதி இல்லை என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினதும், அடுத்த குழு ஓடுகிற நேரத்தில், இதில் எந்த வளைவில் என்ன செய்தாய் என்று ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் நிழல் தேடி ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

காலை விளக்கம் முழுக்க இங்கிலீஷ், மடமடவென்று. முடிந்து வெளியே வந்ததும் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் என்னிடம், "மஞ்சக் கொடி காட்டினா நிறுத்திரணுமா மக்கா?" என்று கேட்டார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்புக்குத்தான் ஓட்டம் நின்றுபோனது என்று அர்த்தம், அதற்கும் நட்டநடுவில் நிற்காமல் மெதுவாகப் பிட்டுக்கு (டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கிற இடத்துக்கு) வர வேண்டும். மஞ்சளுக்கு அவர் டிராக்கில் நின்றிருந்தால் பின்னால் வருகிறவன் கதி? தமிழில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அப்புறம் எல்லோரையும் டிராக்கில் ஒரு சுற்று நடக்க வைக்கலாம், அரை மணி நேரத்தில் முடியும். எங்கே பிரேக், எங்கே சாய்க்க வேண்டும் என்று வைத்த கூம்புகள் சரிந்தபோது எடுத்து நிறுத்தவும் ஆள் இல்லை.

வண்டி விஷயம். என்னென்ன பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்ற பட்டியல் முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்தது, அப்போது எந்த மெக்கானிக்கைப் பிடிப்பது? நீங்களே ஒரு வாரம் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், நம்ம மாவட்டமோ இரண்டு பருவமழையிலும் நனைகிற ஊர். புது டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது, டிராக்கில் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டயர், செயின், பிரேக் பேட் இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. காற்று அளக்கிற கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும், டயர் சூடானால் அழுத்தம் ஏறும்.

லெதர் சூட் வாடகைக்குக் கிடைத்தது, ஆனால் நல்ல அளவெல்லாம் முதலில் வந்தவர்களுக்கே போய்விட்டது, கொஞ்சம் உடம்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹெல்மெட்டும் பூட்ஸும் சொந்தமாக இருப்பது நல்லது. தண்ணீரும் குளுக்கோஸும் நீங்களே கொண்டுபோங்கள்.

நான் இன்னொரு தடவை போவேன், இதே டிராக்குக்கு, வேறு ஆட்களிடம். பணம் கட்டும் முன்னால் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், குழு எப்படிப் பிரிப்பீர்கள் என்று ஃபோனில் கேட்பேன். சிசி என்று பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.