அடிபட்ட கூகைக்குப் பூனைப் பெட்டி உதவுமா?

சுங்கை சிப்புட்டில் செல்லப்பிராணிக் கடையில் 35 ரிங்கிட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பூனைப் பெட்டி இது. செம்பனைத் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் கூகையை ஏற்றிப்போகலாம், ஆனால் அப்படியே அல்ல. கம்பிக் கதவுதான் பெரிய குறை. மிரண்டு மோதும் பறவையின் இறகு அதில் சிக்கி ஒடியும். கதவின் உட்புறம் அட்டையைக் கட்டி, பெட்டிமேல் கறுப்புத் துணி போர்த்துங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மூடக்கூடாது. செய்தித்தாள் வழுக்கும். பழைய துவாலை விரியுங்கள், நூல் பிரிந்திருந்தால் நகம் மாட்டிக்கொள்ளும்.

கடையில் கூடவே தள்ளிவிடும் பால்மாவும் ஊசிக்குழலும் வேண்டவே வேண்டாம். கூகைக்கு மூச்சுக்குழல் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. ஊற்றும் நீர் நுரையீரலுக்குப் போனால் பறவை பிழைக்காது. காயமே இல்லாமல் சோர்ந்து, வாயின் உட்புறம் வெளுத்திருக்கிறதா? எலி மருந்து தின்ற எலியை விழுங்கியிருக்கலாம், ரத்தம் உறையாது. வைட்டமின் கே1 தான் மருந்து. அளவை விலங்கு மருத்துவர் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் வைத்திருப்பது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அன்றைக்கே மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

அட்டைப்பெட்டியைவிட இதில் ஒரு நன்மை: கழுவலாம். குளோரக்ஸ் வெளுப்புத் திரவம் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு. வாடை போகும்வரை வெயிலில் காயட்டும்.