மழையில் மங்கும் முன் கண்ணாடி: ஏ.சி.யை எப்படிப் பயன்படுத்துவது?

கொழும்பில் கார் ஓட்டுபவர்களில் பலர் மழைக்காலத்தில் முன் கண்ணாடி மங்கத் தொடங்கியதும் யோசிக்காமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு: கண்ணாடிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, குளிரைச் சற்றும் குறைக்காமல், காற்று முழுவதையும் கண்ணாடியின் மீது திருப்பிவிடுவார்கள். சில நேரம் அது உடனே பலன் தரும். சில நேரம் அதுவே மங்கலைக் கூட்டிவிடும். எது நடக்கும் என்பது ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வைப்பரை ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்: கண்ணாடி தெளிந்தால் ஆவி வெளிப்புறத்தில் இருக்கிறது, தெளியாவிட்டால் உட்புறத்தில் இருக்கிறது, விரலால் தொட்டால் ஈரமும் ஒட்டும்.

கொழும்பின் மழைக்காலக் காற்று ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் எண்பது வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனோடு நிற்பது வழக்கம். அத்தகைய காற்று 24 பாகையை விடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன் மீது நீரை விட்டுவிடும். குளிரூட்டிய வங்கிக் கட்டடத்திலிருந்து வீதிக்கு இறங்கியவுடன் மூக்குக் கண்ணாடி மங்குவது இதனால்தான். காரின் முன் கண்ணாடிக்கு வெளியே நடப்பதும் அதுவே. நல்ல நிலையிலுள்ள ஏ.சி.யின் காற்று 10 பாகைக்குக் கிட்டிய குளிரில் வெளியே வரும். அதை நேராகக் கண்ணாடியில் அடித்தால், சில நிமிடங்களில் கண்ணாடி 24 பாகைக்குக் கீழே போய்விடும். மழை விட்ட பின்னரோ அதிகாலையிலோ கவனித்தால் இதைக் கண்ணால் காணலாம்: கண்ணாடியின் அடிப்பகுதியில், காற்று வரும் துவாரங்களுக்கு நேர் மேலே, முதலில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் தோன்றி மெல்ல மேல்நோக்கி விரியும்.

உட்புற ஆவிக்குக் காரணம் வேறு. நனைந்த உடை, குடை, காலடி விரிப்பு, பயணிகளின் மூச்சு ஆகியவை காருக்குள் சேர்க்கும் ஈரம், மழைநீரால் குளிர்ந்த கண்ணாடியின் உள்முகத்தில் படிகிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு பார்த்தால், முதலாவது போட்டி குளிர்ந்த காற்றுக்கும் மிதமான காற்றுக்கும் இடையிலானது. குளிர்ந்த காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவது உட்புற ஆவியை வேகமாகப் போக்கும், ஏனெனில் ஏ.சி. வெறுமனே காற்றைக் குளிர்விப்பதில்லை; அதன் குளிர்ந்த உலோகச் சுருள் காற்றிலுள்ள நீரைப் பிடித்து வடித்துவிடுகிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டும் நீர் அதுதான். ஆனால் உட்புறம் தெளிந்த பிறகும் அதே நிலையில் விட்டால், அடுத்ததாக வெளிப்புறம் மங்கும். மாறாக, ஏ.சி.யை அணைக்காமலே வெப்பநிலையை 25 அல்லது 26 பாகைக்கு உயர்த்தினால், அல்லது நீலமும் சிவப்பும் கொண்ட திருகியை நடுவுக்குக் கொண்டுவந்தால், காற்று முதலில் சுருளில் உலர்ந்து, பிறகு இயந்திரத்தின் சூட்டில் சற்று வெதுவெதுப்பாகிக் கண்ணாடியை அடையும். உலர்ந்த காற்றும் கிடைக்கிறது, கண்ணாடியும் குளிர்ந்து போவதில்லை. இந்த நாட்டில் ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். நமக்கு அது குளிர் காய்வதற்கு அல்ல, கண்ணாடியைக் காப்பதற்குத் தேவைப்படுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கடும் புழுக்கத்தில் முகத்துக்குக் குளிர் குறைவது மட்டுமே இதன் குறை.

ஆவி வெளிப்புறத்தில் இருந்தால், உலர்ந்த காற்றை உள்ளே எவ்வளவு அடித்தாலும் பயனில்லை. காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலடிக்கோ திருப்ப வேண்டும், வெப்பநிலையை ஓரிரு பாகை கூட்ட வேண்டும், வைப்பரை ஓட்ட வேண்டும். வைப்பரை மட்டும் நம்பினால், கண்ணாடி குளிராக இருக்கும் வரை ஆவி திரும்பத் திரும்பப் படியும். மெரின் டிரைவ் வழியாக அன்றாடம் போய்வரும் கார்களின் கண்ணாடியில் கடற்காற்றின் உப்பு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். உப்பு ஈரத்தை இழுப்பதால் அங்கே ஆவி விரைவாகவும் தடிப்பாகவும் படிகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கார் நிறுத்துபவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது கண்ணாடியை நல்ல தண்ணீரால் கழுவுவது, கடையில் வாங்கும் எந்தத் திரவத்தையும் விட மேலானது.

ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பது அடுத்த வழி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பெற்றோல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் மட்டுமே கிடைத்த காலத்தில் ஏ.சி. இல்லாமல் ஓட்டப் பழகிய சிலர் இதை இன்னும் விடவில்லை. ஜன்னல் திறந்திருந்தால் உள்ளும் வெளியும் ஒரே வெப்பநிலைக்கு வருவதால் வெளிப்புற ஆவி நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அடைமழையில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. மூடினால் உள்ளே ஈரம் ஏறும். நான்கு பேர் ஏறிய காரில் ஏ.சி.யும் இல்லாமல் ஜன்னலும் மூடியிருந்தால் சற்று நேரத்தில் வீதி தெரியாமல் போகும். மழை இரவில், முன்னே முச்சக்கர வண்டியின் பின்விளக்கு மங்கிய கண்ணாடியில் கரைந்து போகும் நிலையில், மிச்சப்படும் சிறிதளவு பெற்றோலுக்காக அந்த ஆபத்தை ஏற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெளிக்காற்றை எடுப்பதா, உள்காற்றையே சுழற்றுவதா என்ற கேள்விக்கு, குளிர் நாடுகளுக்கென எழுதப்பட்ட அறிவுரை எப்போதும் வெளிக்காற்று என்றே சொல்லும். அங்கே வெளிக்காற்று வறண்டது. இங்கே அது நீர் நிறைந்தது, ஏ.சி. இயங்கினால் மட்டுமே அது உலர்ந்து உள்ளே வரும். ஆகவே ஏ.சி. இயங்கும்போது இரண்டு வழிகளும் பலன் தரும், ஏ.சி. அணைந்திருக்கும்போது உள்காற்றைச் சுழற்றுவது எல்லாவற்றிலும் மோசமானது. நனைந்தவர்கள் ஏறிய முதல் சில நிமிடங்களுக்கு வெளிக்காற்றை எடுத்து ஈரத்தை வெளியேற்றிய பின், பஸ்களின் புகைக்குள் ஊரும்போது உள்காற்றுக்கு மாறுவது நல்லது. நீண்ட பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றுக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அடைபட்ட காற்றில் தூக்கம் வரும்.

வேகன் ஆர் போன்ற கார்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சந்தியில் நிற்கும்போது இயந்திரம் தானாக அணைந்தால், இயந்திரத்தின் பட்டியால் சுழன்று ஏ.சி.க்குக் குளிரைத் தரும் கம்பிரஸரும் நின்றுவிடும். சுருள் மெல்லச் சூடாகி, அதில் பிடித்து வைத்திருந்த ஈரம் மீண்டும் காற்றில் கலந்து கண்ணாடியில் படியும். மழையில் அந்தத் தானியங்கி நிறுத்தத்தை அதற்குரிய பொத்தானால் முடக்கிவைப்பதே சரி. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் கம்பிரஸர் மின்சாரத்தில் இயங்குவதால் இந்தத் தொல்லை இல்லை.

கண்ணாடியில் பூசும் ஆவி தடுப்புத் திரவமும், அதற்கு மாற்றாகச் சிலர் பூசும் ஷேவிங் நுரையும் ஒரே வேலையைச் செய்கின்றன: நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்கின்றன. அவை உட்புறத்துக்கு மட்டுமே உதவும், சில நாளில் தேய்ந்துவிடும், சரியாகத் துடைக்காவிட்டால் இரவில் எதிர்வரும் விளக்கொளியில் கோடுகளாகக் கண்ணைக் கூசும். மழைநீரை உருட்டிவிடும் வெளிப்பூச்சு ஆவியைத் தடுப்பதே இல்லை. சிலிக்கா ஜெல் பைகள் இரவில் நிறுத்திய காருக்குச் சிறிது பயன்படலாம், ஓடும் காருக்குப் போதாது: 300 கிராம் பை அதிகபட்சம் 100 கிராம் அளவு நீரை உறிஞ்சும். மழைக்கால வெளிக்காற்றை உலர்த்தும் ஏ.சி. மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வடித்துவிடக்கூடும்.

எந்த வழியைப் பின்பற்றியும் உட்புற ஆவி நீங்காவிட்டால், கோளாறு காரில் இருக்கிறது என்று கொள்ளலாம். முன் பயணியின் காலடி விரிப்பைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏ.சி. நீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். வடிய வேண்டிய நீர் காருக்குள்ளேயே தேங்கி ஆவியாகிக்கொண்டிருக்கும். விரிப்பு காய்ந்திருந்து, காற்றின் வேகம் மட்டும் குறைந்திருந்தால் ஏ.சி.யின் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற படலமும் இனிப்பான வாடையும் இருந்தால், ஹீற்றர் சுருளிலிருந்து, இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. காரைத் தாமதிக்காமல் கராஜுக்குக் கொண்டு போக வேண்டும்.