தலைக்கணக்கு உண்டு, தெருக்கணக்கு இல்லை: பிரிட்டனின் காவல் தன்னார்வலர் தரவு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறைக்கு ஊதியமின்றி உதவுவோரைப் பற்றி அரசு சேர்த்து வைத்திருக்கும் விவரங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பெயரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதுமில்லை. உள்துறை அமைச்சகம் ஆண்டுக்கு இரு முறை வெளியிடும் காவல்துறைப் பணியாளர் புள்ளிவிவரம் ஒன்று, டேட்டா டாட் போலீஸ் டாட் யூகே என்னும் தளம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரேயொரு கேள்வியை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், தன் பகுதியில் குற்றத் தடுப்புக்காக நேரம் ஒதுக்கும் தன்னார்வலர்கள் எத்தனை பேர் என்பதை இவற்றைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியுமா?

முதலில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சீருடை அணிந்தவர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், கைது செய்வது உட்பட முழுநேரக் காவலருக்குள்ள அதிகாரங்கள் அவர்களுக்கும் உண்டு. 1831ஆம் ஆண்டிலேயே இவர்களுக்கென்று சட்டம் இயற்றப்பட்டது. மாதத்துக்கு 16 மணி நேரமாவது வர வேண்டும் என்பது பல காவல் படைகளின் எதிர்பார்ப்பு. காவல் துணைத் தன்னார்வலர்கள் வேறு வகை: நிலையத்தின் முன்மேசையில் உட்காருவது, கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பார்ப்பது, இளம் கேடட்களை வழிநடத்துவது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். இவர்களைத் தவிர நெய்பர்ஹுட் வாட்ச் என்னும் குடியிருப்பாளர் அமைப்பு இருக்கிறது. 1982இல் செஷயர் மாவட்டத்தின் மாலிங்டன் கிராமத்தில் முளைத்து நாடெங்கும் பரவியது அது. தெருமுனைக் கம்பத்தில் மஞ்சள் நிற அறிவிப்புப் பலகையாக நம்மவர் பலர் அன்றாடம் கடந்து போவது இதைத்தான்.

உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரம் மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய இரு நாள்களின் நிலவரத்தைப் பதிவு செய்கிறது; வழக்கமாக ஜூலையிலும் ஜனவரியிலும் வெளியாகிறது. அறிக்கையைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நேராகத் திறந்த தரவு அட்டவணைக்குப் போய்விடலாம். ஓடிஎஸ் வடிவில் இருக்கும் அந்த விரிதாளை எக்ஸெல்லும் திறக்கும், லிப்ரே ஆஃபீஸும் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, புவியியல் குறியீடு, காவல் படையின் பெயர், வட்டாரம், பணியாளர் வகை, பாலினம், எண்ணிக்கை என்று கட்டங்கள் ஒழுங்காக நிற்கின்றன. பணியாளர் வகையில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்பதை மட்டும் வடிகட்டினால் 2007 வரை பின்னோக்கிச் செல்லும் தொடர் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. அரசு அலுவலகம் எதிலிருந்தாவது புள்ளிவிவரத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகப் பெற்று, அதை மறுபடியும் தட்டச்சு செய்து அலுத்துப்போனவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

அந்தத் தொடர் சொல்லும் செய்தி பெரியது. 2012இல் 20,000க்கும் மேற்பட்டிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் 2024இல் ஏறத்தாழ 6,000 பேராகக் குறைந்துவிட்டார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினரைக் காணோம். இதற்கு ஒரு காரணம் தரவை உண்டாக்கிய அதே அரசின் கொள்கையில் இருக்கிறது. 2019இல் அறிவிக்கப்பட்டு 2023 மார்ச் வரை நடந்த, கூடுதலாக 20,000 காவலர்களைச் சேர்க்கும் திட்டத்தின்போது, ஸ்பெஷல்களாக இருந்தவர்களில் பலர் சம்பளம் பெறும் காவலர்களாக மாறினார்கள். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் அதே அட்டவணை காட்டிவிடுகிறது. அமைச்சர் என்ன சொன்னாலும் குடிமகன் தானே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம் என்ற இந்த வசதிக்காகவே இத்தரவுக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன்.

பயன்படுத்துவோர் ஓரிடத்தில் மட்டும் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முழுநேரக் காவலர்களின் எண்ணிக்கை, இரண்டு அரைநேரக்காரர் சேர்ந்தால் ஒருவர் என்னும் சமமதிப்புக் கணக்கில் தரப்படுகிறது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கு நிலையான பணி நேரம் கிடையாது என்பதால் அவர்களுக்கு வெறும் தலைக்கணக்குதான். இவ்விரு எண்களையும் கூட்டி "எங்கள் மாவட்டத்தில் இத்தனை காவலர்" என்று எழுதுவது, ஆழாக்கையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணுவது போன்றது. மாதத்துக்கு 40 மணி நேரம் ரோந்து வருபவரும், பெயரளவில் பட்டியலில் இருப்பவரும் இங்கே சம எடை பெறுகிறார்கள். எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கட்டம் அட்டவணையில் இல்லை. எனவே 6,000 பேர் என்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு காவல் நடந்தது என்பதை யாராலும் கணக்கிட முடியாது.

என் கேள்விக்கு வருகிறேன். அட்டவணையில் ஆகச் சிறிய நில அலகு காவல் படை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் 43 பிராந்தியப் படைகள். தேம்ஸ் வேலிப் படை என்றால் பெர்க்‌ஷயர், பக்கிங்ஹாம்‌ஷயர், ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயர் மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. பெருநகரக் காவல் படையோ லண்டனின் 32 பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) சேர்த்து ஓர் ஆண்டுக்கு ஒரே எண்ணைத் தருகிறது. வடமேற்கில் உள்ள ஹாரோ, கிழக்கே நியூஹாமைச் சேர்ந்த ஈஸ்ட்ஹாம், தெற்கே வான்ட்ஸ்வொர்த்தில் இருக்கும் டூட்டிங் ஆகிய மூன்றிலும் தமிழர் கடைத்தெருக்கள் உண்டு, மூன்றின் குற்ற நிலவரமும் வேறு வேறு. இந்த அட்டவணையைப் பொறுத்தவரை மூன்றும் ஓர் ஊர்தான். தன்னார்வலரின் வேலையோ தெருவைச் சார்ந்தது. அதை ஏறத்தாழ 90 லட்சம் மக்களுக்கு ஓர் எண் என்று சுருக்கித் தந்தால் ஆய்வாளருக்குப் பயன்படலாம், குடியிருப்பவருக்கு உதவாது.

டேட்டா டாட் போலீஸ் டாட் யூகே இதற்கு நேர்மாறானது. மாதந்தோறும் பதிவான குற்றங்களைத் தெரு அளவில் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்புகளாகத் தருகிறது. ஏபிஐ வழியாக, அதாவது கணினி நிரல் மூலம் நேரடியாக எடுப்போருக்கு நொடிக்கு 15 வேண்டுகோள் வரை அனுமதி உண்டு, அனுமதிக் குறியீடு எதுவும் கேட்பதில்லை. உரிமமும் தாராளமான திறந்த அரசு உரிமம். நம் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எந்தக் காவல் வட்டாரம் என்று சொல்லி, அதன் எல்லைக் கோடு, பொறுப்பான காவலர் குழு, நடக்கவிருக்கும் கூட்டங்கள், அவ்வட்டாரம் முன்னுரிமை தரும் சிக்கல்கள் ஆகியவற்றையும் எடுத்துக் கொடுக்கும். இத்தனை நுணுக்கமான அமைப்பில் தன்னார்வலருக்கென்று ஒரு தனிக் கட்டம் இல்லை என்பதுதான் ஏமாற்றம். இதில் குறைகள் வேறும் உண்டு. கணினி அமைப்பு மாற்றத்தைக் காரணம் காட்டி, கிரேட்டர் மான்செஸ்டர் காவல் படையின் குற்றத் தரவு 2019 ஜூலை தொடங்கிப் பல ஆண்டுகள் இத்தளத்தில் இடம்பெறவில்லை. ஸ்காட்லாந்தின் தெரு அளவுக் குற்றங்களும் கிடைக்காது.

தன்னார்வலர்களின் பாதுகாப்பு என்ற நியாயமான தடை எழும் என்பதை மறுக்கவில்லை. எந்தத் தெருவில் யார் என்று பெயரோடு வெளியிடுவதை யாரும் ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்க மாட்டேன். ஆனால் இத்தளமே அதற்கு வழி காட்டியிருக்கிறது. குற்றம் நடந்த உண்மையான இடத்தை மறைத்து, அதை அருகிலுள்ள பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் வரைபடத்தில் இடுகிறார்கள். அத்தகைய ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குறைந்தது எட்டு அஞ்சல் முகவரிகளாவது இருக்க வேண்டும், அல்லது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பதற்கு இவ்வளவு யோசித்தவர்களால், பரோ அளவில் வெறும் எண்ணிக்கையை வெளியிடுவதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியாது என்பதை நம்புவது கடினம்.

நெய்பர்ஹுட் வாட்ச் பற்றிய விவரம் இவ்விரு தளங்களிலும் இல்லாததற்குக் காரணம் வேறு. அதன் தேசிய அமைப்பு ஓர் அறக்கட்டளை. குடிமக்கள் தகவல் கேட்டுப் பெற வழி செய்யும் தகவல் சுதந்திரச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு உரியது, அறக்கட்டளைகளைக் கட்டுப்படுத்தாது.

ஆக, ஆய்வு மாணவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் உள்துறை அட்டவணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தம் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர், லண்டனில் இருந்தால், முதலில் லண்டன் டேட்டாஸ்டோர் என்னும் நகரின் திறந்த தரவுத் தளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. பெருநகரக் காவல் படையின் ஆள்பலம் குறித்த கோப்புகள் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி காவல் படைக்கே எழுதலாம்; 20 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பெயர், முகவரி எதையும் கேட்காமல், ஒரு குறிப்பிட்ட மார்ச் 31 அன்று பரோவாரியாக ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் எத்தனை பேர், துணைத் தன்னார்வலர்கள் எத்தனை பேர், அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அவர்கள் பதிவு செய்த பணி நேரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால், தனிநபர் விவரம் என்று சொல்லித் தட்டிக் கழிக்க இடமிருக்காது.