பம்பா, டிடிஆரா, கணினியா: கொழும்பின் நடன மெஷினுக்கு எதைக் கேட்பது?

பம்பலப்பிட்டியில், காலி வீதிப் பக்கம் ஒரு விளையாட்டு மையத்தில் பழைய பம்ப் இட் அப் மெஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. பாட்டுக்கேற்பத் திரை காட்டும் பலகைகளைக் காலால் மிதித்து ஆடுவது. பலகைகளில் ஒன்று இரண்டு தரம் ஓங்கி மிதித்தால்தான் பதில் சொல்லும். திரை மங்கல். பாட்டுப் பட்டியலோ, இப்போது ஆட வரும் பொடியன்கள் பாலர் பாடசாலையில் இருந்த காலத்தது. இதை மேம்படுத்தித் தரும்படி ஆட்டக்காரர்கள் ஒன்றாய்ச் சேர்ந்து கேட்போம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் இழுபறி. முதலாளியிடம் நாலு கோரிக்கையோடு போனால் அவர் சிரித்து, தேத்தண்ணி தந்து, நாலையும் மறுத்து அனுப்பிவிடுவார்.

முதலில் டிடிஆர் கட்சி. டிடிஆர், அதாவது டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன், 1998இல் ஜப்பானின் கொனாமி கொண்டுவந்தது. மேல், கீழ், இடம், வலம் என நாலு அம்புகள். பம்ப் அடுத்த வருடம் கொரியாவின் அண்டமிரோவிடமிருந்து வந்தது. நாலு மூலைகளும் நடுவில் ஒன்றுமாக ஐந்து பலகைகள். ஒன்றில் பழகிய கால் மற்றதில் தடுமாறும். வீட்டில் பிளேஸ்டேஷனோடு பாய் விரித்து ஆடி வளர்ந்தவர்களுக்கு டிடிஆர்தான் வேதம், அவர்களோடு வாதாடிப் பிரயோசனமில்லை.

ஆனால் அது இங்கே வந்து சேரும் பாதையைப் பாருங்கள். ஜப்பானில் பாவித்துக் கழித்த டிடிஆர் மெஷின் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நமது வீட்டு மின்சாரம் 230. நல்ல மின்மாற்றி இல்லாமல் சொருகினால் அன்றைக்கே மெஷின் போய்விடும். மேடையோடு சேர்த்தால் பல நூறு கிலோ எடை, ஆகவே கப்பல், துறைமுகம், லொறி, மேல்மாடிக்கு ஏற்றும் கூலி எல்லாம் கணக்கில் வரும். இறக்குமதி வரிகளுக்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வேறு. இத்தனையும் கடந்து வந்தாலும் கொனாமியின் இன்றைய டிடிஆர் அதன் இ-அம்யூஸ்மென்ட் வலையமைப்போடு பிணைந்தது. ஆட்டக்காரரின் கணக்கு, புதிய பாட்டு எல்லாம் அந்த வழியாகத்தான். அந்தச் சேவை பழைய பெட்டியோடு கூடவே கொழும்புக்கு வராது. ஆசை நியாயமானது, கோரிக்கையாக வைக்க ஏலாது.

இரண்டாவது, கணினிக் கட்சி. இதே மாதிரி நடன ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் ஸ்டெப்மேனியா என்ற மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. பெட்டிக்குள் ஒரு சாதாரண கணினியை வைத்து, பலகைகளின் கம்பிகளை ஒரு சின்ன மின்சுற்று அட்டையில் இணைத்தால் ஆட்டம் ரெடி. யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் இதற்கான சாமான்கள் பெரும்பாலும் அம்பிடும். நமது தமிழ்ப் பாட்டுகளுக்கு, எந்த இடத்தில் எந்தப் பலகையை மிதிப்பது என்று நாமே எழுதலாம். இதுதான் எல்லாருக்கும் தேன் தடவியது போல இனிக்கும் இடம். எனக்கும்தான்.

பிரச்சினை பாட்டில் இருக்கிறது. மென்பொருளின் உரிமம் திறந்தது, அதில் ஏற்றும் பாட்டுகள் அப்படியல்ல. வீட்டில் ஆடுவது வேறு, காசு வாங்கி ஆடவிடுவது வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கேயும் உண்டு. மாட்டினால் மாட்டுவது முதலாளி, நாம் அல்ல. முன்பு அமெரிக்காவில் ரொக்ஸர் என்ற கொம்பனி ஸ்டெப்மேனியாவை வைத்தே இன் த குரூவ் என்ற ஆட்டத்தைச் செய்து, டிடிஆர் பெட்டிகளுக்கே மாற்றுத் தொகுதியும் விற்றது. பாட்டுகளை முறையாக உரிமம் பெற்றுத்தான் போட்டார்கள். அப்படியிருந்தும் 2005இல் கொனாமி வழக்குப் போட்டது. 2006இல் சமரசமாகி, அந்த ஆட்டத்தின் உரிமையே கொனாமியிடம் போனது. கொம்பனிக்கே அந்த நிலை. எங்கள் முதலாளியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது நண்பர் செய்கிற வேலையல்ல. ஸ்டெப்மேனியாவை யாராவது ஒருவர் வீட்டில், பயிற்சிக்கு வையுங்கள்.

மூன்றாவது, நான் கை தூக்குவது: அதே பெட்டிக்கு அண்டமிரோவின் மேம்படுத்தும் கிட். பெட்டி, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். உள்ளே இருக்கும் ஆட்டமும் அதற்குரிய பாகங்களும் மட்டும் மாறும். 2019இல் எக்ஸ்எக்ஸ், 2023இல் ஃபீனிக்ஸ் என்று அந்த வரிசை வளர்ந்திருக்கிறது. கொரியப் பாட்டுக்கு இங்கே பாடசாலைப் பிள்ளைகளிடையே இருக்கிற மோகத்தைச் சொல்லத் தேவையில்லை, வெள்ளவத்தையில் பஸ் ஏறினாலே கேட்கும். கொரியாவின் மின்சாரம் 220 வோல்ட், நமக்குக் கிட்ட. கொள்கலனும் லொறியும் வேண்டாம், ஒரு பார்சலாக வந்துவிடும். ஒன்று மட்டும்: எங்கள் பெட்டி எந்த மாடல், எந்தக் கிட்டை அது ஏற்கும் என்பதைப் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து விற்பனையாளரிடம் முதலே கேட்க வேண்டும். காசு கட்டிய பிறகு கேட்பதில் பலனில்லை.

திரை மாற்றுவதானால் அதிலும் கவனம். பழைய குழாய்த் திரையில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. மலிவான டிவி படத்தைச் சிங்காரிக்க நேரம் எடுக்கும். விநாடிக்கு 60 படம் ஓடும்போது ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. அப்படி நாலைந்து பிந்தினால், சரியாக மிதித்தவனுக்கும் தவறு விழும். சிங்காரிப்பை விட்டுப் படத்தை உடனே காட்டும் கேம் மோட் உள்ள திரை கட்டாயம்.

நாலாவது, ஒன்றும் வாங்காமல் பலகையைத் திருத்துவது. இதை நான் தனித் தெரிவாகவே எண்ணவில்லை. எந்தக் கிட் வந்தாலும் கால் படுகிற இடம் பழுதென்றால் எல்லாம் வீண். புதிய பாட்டைப் பார்க்க வருகிறவர் ஒரு தரம் வருவார், பலகை ஏமாற்றினால் மறுதரம் வரமாட்டார். பம்பலப்பிட்டியில் கடல் ஒரு கூப்பிடு தூரம், உப்புக் காற்று உலோகத் தொடுப்புகளை அரிக்கும். வியர்வையும் சப்பாத்துத் தூசும் மிச்சத்தைச் செய்யும். செய்யவேண்டியது சாதாரண வேலைதான்: பலகைகளைக் கழற்றித் துடைப்பது, துரு சுரண்டுவது, தளர்ந்த திருகுகளை இறுக்குவது, அமுங்கிப் போன தாங்கிகளை மாற்றுவது, மிதிப்பதை அறியும் உணரிகளை ஒவ்வொன்றாகச் சோதனைத் திரையில் பார்ப்பது. கை நேர்த்தியான மூன்று பேர் இருந்தால் ஓரிரு இரவில் முடியும். உணரிகள் முற்றாகப் போயிருந்தால், அழுத்தத்தை உணரும் எஃப்எஸ்ஆர் வகை போடலாம், அதன் கூர்மையைக் கூட்டிக் குறைக்கலாம். எல்லாம் முதலாளியின் அனுமதியோடு மட்டும், கழற்றிப் பூட்டும் வேலை பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டும்.

இனி ஆள் திரட்டும் கதை. கையெழுத்து வாங்குவது சுலபம், ஆனால் கையெழுத்து ஆடாது. நன்கொடை திரட்டினால் "மெஷின் யாருடையது" என்ற கேள்வி ஒரு நாள் வரும், மையம் மூடினால் காசு போன வழி யாருக்கும் விளங்காது. சீட்டுப் போல மாதாமாதம் போடும் யோசனையும் வந்தது. சீட்டில் எல்லாருக்கும் கழிவு போகத் தொகை கிடைக்கும், இதில் யாருக்கும் கிடைக்காது. அதனால் எனக்குப் பிடித்தது முன்பணம்: ஆட்டங்களை முன்கூட்டியே வாங்குவது. ஒரு ஆட்டம் 200 ரூபா என்று வைத்தால், முப்பது பேர் ஆளுக்கு 25 ஆட்டம் வாங்கினால் ஒன்றரை இலட்சம். கிட்டின் முழுச் செலவுக்குக் காணாது. ஆனால் முதலாளி கேட்கப்போவது "ஆடுறதுக்கு ஆக்கள் வருவினமா?" என்பதுதான். அதற்குக் காசாகவே பதில் வைக்கிறோம். கிட் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு.

போகும்போது மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், அதில் ஒருவர் சிங்களம் சரளமாகக் கதைப்பவராக இருக்கட்டும். பலகை திருத்தும் வேலையை முதலில் செய்து காட்டிவிட்டு, பிறகு கிட் பற்றிக் கதையுங்கள். செவ்வாய் அல்லது புதன் பின்னேரம் உகந்தது. சனி ஞாயிறில் அங்கே பிறந்தநாள் விருந்துகள், அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது.