பண்ணை மனையோடு சேர்த்து ஒரு அணையையும் தலையில் கட்டுவார்கள், கவனம்

பெங்களூரைச் சுற்றி, முக்கியமாக கனகபுரா, ராமநகரா பக்கம் "லேக் வியூ" பண்ணை மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் கம்பெனியின் பெயரைப் போடவில்லை.

2020-ல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, விவசாயி அல்லாதவர்களும் இங்கே விவசாய நிலம் வாங்கலாம். கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று பிரித்து விற்கும் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. அல்சூர், ராமமூர்த்தி நகர் தமிழ்க் குடும்பங்கள் சிலர் பேசி வைத்து ஒரே இடத்தில் வாங்கினோம். நடுவில் இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர். ஓடையை மறித்து ஏழு மீட்டர் உயரத்துக்கு மண்கரை போட்டிருந்தார்கள். விலை ஏறியதே அந்தத் தண்ணீரால்தான்.

ஒப்பந்தத்தின் பின்பக்க அட்டவணையில் ரோடு, கேட், கிளப் ஹவுஸோடு "நீர்நிலை" என்றும் ஒரு வரி இருந்தது. ஒப்படைத்த நாளிலிருந்து இவற்றின் பராமரிப்பும் பொறுப்பும் உரிமையாளர் சங்கத்துக்கு. கரையின் வரைபடமோ, மண் பரிசோதனை அறிக்கையோ, எவ்வளவு வெள்ளம் தாங்கும் என்ற கணக்கோ எதுவும் தரவில்லை. கேட்டபோதெல்லாம் "ஆபீஸ்ல இருக்கு சார், அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஒரு அக்டோபர் மழைக்குப் பிறகு, கரையின் வெளி அடிவாரத்தில், தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுற்றி ஊறத் தொடங்கியது. கம்பெனி மேனேஜர் சொன்னது: "பத்து மீட்டருக்குக் கீழ இருக்கு சார், அணைச் சட்டமே இதுக்கு வராது. பயப்படாதீங்க." அப்புறம் அவர்களே ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரே பக்கத்தில் "கரை உறுதியாக உள்ளது" என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த மனிதர் கரைப்பக்கமே வரவில்லை. வாட்ஸ்அப்பில் போன போட்டோக்களை வைத்து எழுதிய கடிதம் அது. கரைக்குக் கீழே ஓடையோரம் கூலிக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவர்கள் உயிரை வைத்துச் செய்த வேலை இது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கடைசியில், தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்று இங்கே மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிப்போனோம். குழாய் வாயில் இருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துக் காட்டினார். "தம்பி, கசிவு தெளிவா வந்தா அளந்து பார்த்துக்கிட்டே இருக்கலாம். இது கலங்கி வருது பாருங்க. கரை உள்ளேயிருந்து மண்ணை இழுத்துக்கிட்டு வருது." குழாயை ஒட்டி மண்ணைச் சரியாக இறுக்காமல் விட்டால் தண்ணீர் அதை ஒட்டியே வழி தேடிக்கொள்ளுமாம். அந்தத் துளை உள்ளுக்குள் பெரிதாகிக்கொண்டே போய் ஒரே இரவில் கரை இறங்கிவிடலாம் என்றார்.

அதைவிடப் பெரிய அக்கிரமம் கலங்கலில் இருந்தது. உபரி நீர் வழிய வேண்டிய அந்த இடத்தில் முக்கால் மீட்டருக்குச் சுவர் எழுப்பி, மேலே உட்கார மண்டபம் கட்டியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் நின்றால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். பெருமழை வந்தால் தண்ணீர் கரைமேல் ஏறித்தான் போகவேண்டும். மண்கரை அதைத் தாங்காது, அரித்துக்கொண்டு போய்விடும். உலகம் முழுக்க மண் அணைகள் உடைவதற்கு முதன்மைக் காரணங்கள் கரை மீறி வழிவதும் உள்ளரிப்பும்தான். எங்கள் கரையில் இரண்டுமே தயாராக இருந்தன. போதாததற்குக் கரைமேல் சில்வர் ஓக் வரிசை. மரம் பட்டுப்போனால் வேர் இருந்த இடம் தண்ணீருக்குப் பாதையாகிவிடும்.

சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஏக்கரில் சராசரி மூன்று மீட்டர் ஆழம் என்றாலே சுமார் 24,000 டன் தண்ணீர். 2018 மே மாதம் கென்யாவின் சோலாயில் உடைந்தது ஒரு தனியார் பண்ணையின் மண் அணை. 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஜூலையில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்தபோது, கசிவதாக ஊர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள்.

மேனேஜர் சொன்ன சட்டக் கணக்கு பாதி உண்மை. 2021-ஆம் வருட அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். அதனால் மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. 1874-லேயே கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் அடித்துப்போன வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஏரி மக்களின் பாசனத்துக்கு அவசியம், ஜமீன்தார் பக்கம் கவனக்குறைவும் இல்லை என்பதால்தான் அவர் தப்பித்தார். மண்டபம் கட்டக் கலங்கலை அடைத்தவர்கள் அந்த வாதத்தை எந்த முகத்தோடு வைப்பார்கள்? சின்ன மண் அணைகளை வடிவமைக்க ஐ.எஸ். 12169 என்ற இந்தியத் தர விதியே இருக்கிறது. உங்கள் கரையை அதன்படி போட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் கிராம வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது என்று பாருங்கள். பஹணியில், அதாவது நில உரிமைப் பதிவேட்டில், "பி கராப்" என்று காட்டியிருக்கும் பகுதி பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது, அதை உங்களுக்கு விற்க முடியாது. கலங்கல் திறந்து இருக்கிறதா, மதகை நிஜமாகவே திறந்து மூட முடிகிறதா என்று நேரில் நின்று சோதியுங்கள். கம்பெனி அனுப்பும் பொறியாளரை ஏற்காதீர்கள், நீங்களே ஒருவரை வையுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டுக் கலங்கிய கசிவைப் பார்த்தால் கீழே இருக்கிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், அப்புறம் தாசில்தாருக்கு. நேரம் இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பம்ப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கரையின் தண்ணீர்ப் பக்கத்து ஊறிப்போன சரிவு இறங்கிவிடும் என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் சங்கம் சுவரை இடித்து மட்டத்தை இறக்கி வைத்திருக்கிறது. குழாயைத் தோண்டி எடுத்துச் சரியாகப் பதிக்கும் செலவை கம்பெனியிடம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. போட்டோ பார்த்து எழுதிய இதே மாதிரி ஒரு பக்கச் சான்றிதழ் உங்களுக்கும் வந்திருந்தால் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், வழக்கில் சேர்க்க வேண்டும்.