ரா வீடியோவுக்கு ரிசால்வா, பிரீமியரா? ஒரு கல்யாண எடிட்டரின் கணக்கு

வேலூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் பழைய ஆட்களில் பலர் இன்னும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான் இருக்கிறார்கள். கேமரா ராவுக்கு (சென்சார் பிடித்ததை அதிகம் பதப்படுத்தாமல் சேமிக்கும் ஃபார்மட்) மாறியதும் கேள்வி வேறாகிவிடுகிறது: எடிட் பண்ண அடோபி பிரீமியரா, டாவின்சி ரிசால்வா? நான் ரிசால்வுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள். மேக்கில் நான் வேலை பார்த்ததில்லை, ஆகவே ஃபைனல் கட் இங்கே வராது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரீமியருக்குச் சந்தா. ரிசால்வ் இலவசம், பிளாக்மேஜிக் கேமராக்களின் ரா ஃபைலையும் இலவசப் பதிப்பே திறக்கும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைப்பதும் 4கே யுஹெச்டிக்கு மேல் ஏற்றுமதி செய்வதும் வேண்டுமென்றால் ஸ்டுடியோ பதிப்பு, ஒரே தடவை 295 டாலர்.

ஆடியோ சிங்க்கில், அதாவது தனி ரெக்கார்டரின் ஒலியைக் கேமரா படத்தோடு பொருத்துவதில், இரண்டுமே வேலையை முடிக்கும். முன்பு இதற்கென்றே பிளூரல்ஐஸ் என்ற மென்பொருளை வாங்கி வைத்திருந்தோம், அதை நிறுத்தியே விட்டார்கள். பிரீமியரில் டைம்லைனில் கிளிப்புகளைப் போட்டு 'சிங்க்ரனைஸ்' கொடுக்கலாம், அல்லது பல கேமராக்களை ஒன்றாக அடுக்கும் மல்டிகேம் சீக்வென்ஸ் கட்டலாம். ரிசால்வில் எடிட் தொடங்கும் முன்பே, கிளிப்புகள் கிடக்கும் மீடியா பூலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வேவ்ஃபார்ம் (ஒலி அலையின் வடிவம்) வைத்து 'ஆட்டோ சிங்க்' கொடுத்தால் போதும். ஐயர் பக்கத்தில் வைத்த ரெக்கார்டர் நிற்காமல் ஓடியிருக்கும், கேமரா விட்டு விட்டு ஓடியிருக்கும். அந்த ஒரு நீள ஆடியோவில் இருந்து ஒவ்வொரு கிளிப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கேமரா ஒலியும் கூடவே இருக்கட்டும் என்றால் 'அப்பெண்ட் டிராக்ஸ்' உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டுமே திணறும் இடம் கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் ஏறும்போது கேமரா மைக்கில் அலை மேலும் கீழும் முட்டித் தட்டையாகிவிடும், ஒப்பிட மேடுபள்ளமே இருக்காது. கேமராக்காரர் தம்பியிடம் தாலி கட்டுவதற்கு நன்றாக முன்பே ரெக்கார்ட் போடச் சொல்லிவிட்டேன். முன்னால் கொஞ்சம் மந்திரம், கொஞ்சம் பேச்சு இருந்தால் சிங்க் பிடித்துக்கொள்ளும். டைம்கோட் பெட்டி (கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ஒரே நேரக்குறி கொடுக்கும் கருவி) மாட்டி எடுத்த வேலை எனக்குக் குறைவு, அதில் எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, நான் மாறியதற்குக் காரணம் கலர். அதிலும் கலரை ஒரு கிளிப்பில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இல்லை, அது இரண்டிலும் சுலபம்: பிரீமியரில் 'பேஸ்ட் ஆட்ரிப்யூட்ஸ்', ரிசால்வில் மவுஸின் நடுப் பட்டனால் ஒரு சொடுக்கு. சிக்கல் வருவது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான்.

குடியாத்தம் பக்கம் ஒரு மண்டபம். மேடைக்கு மஞ்சள் ஃபோகஸ், பின்னால் எல்இடி திரை, ஹாலில் டியூப்லைட். அரக்குப் பட்டுப் புடவை ஒரு கேமராவில் அரக்காகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் நின்றது. சரிசெய்து அனுப்பினால் பொண்ணோட தம்பி போன்: "அண்ணா, அக்கா முகம் ரொம்ப மஞ்சளா இருக்குண்ணா, மத்ததெல்லாம் ஓகே." பேஸ்ட் பண்ணிய கலர் அந்த நிமிடத்தோடு முடிந்த நகல். மூலத்தைத் திருத்தினால் நகல்கள் திருந்தாது, மறுபடி மேடைக் கேமரா கிளிப்புகளைப் பொறுக்கி எடுத்து ஒட்ட வேண்டும்.

பிரீமியரில் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் இருக்கிறதே என்பீர்கள். அது நேரத்தின் மேல் விரித்த போர்வை. கீழே மேடைக் கேமரா, ஹால் கேமரா என்று மாறி மாறி வந்தால் எல்லோரையும் சேர்த்து மூடும். சோர்ஸ் கிளிப்பில் கலர் போடலாம், ஆனால் அது ஒரு ஃபைலுக்கு மட்டும். ராவில் ஒரே நீள ஃபைலாக யார் எடுக்கிறார்கள்? பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவில் விநாடிக்கு 30 பிரேமில், 12:1 சுருக்கத்திலேயே விநாடிக்குச் சுமார் 34 எம்பி, மணிக்கு 120 ஜிபி பக்கம். நிறுத்தி நிறுத்தித்தான் எடுப்போம், ஃபைல்கள் குவியும்.

ரிசால்வில் மேடைக் கேமரா கிளிப்புகள் ஒரு குரூப், ஹால் கேமரா இன்னொன்று. 'குரூப் போஸ்ட்-கிளிப்' நோடில் (குரூப் முழுவதற்கும் பொதுவான கலர் திருத்தம் போடும் இடம்) மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினால், டைம்லைனில் எங்கெங்கே சிதறியிருந்தாலும் அந்தக் கேமரா மட்டும் மாறும். தனிக் கிளிப்பில் செய்த சின்னத் திருத்தங்கள் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் இதில் அடங்காது: ஒயிட் பேலன்ஸ் போன்ற ரா அமைப்புகள் குரூப்பில் உட்காராது. கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து கேமரா ரா பகுதியில் 'யூஸ் சேஞ்சஸ்' அழுத்த வேண்டும். பக்கத்திலேயே 'யூஸ் செட்டிங்ஸ்' இருக்கும், அது நீங்கள் மாற்றியதை மட்டுமில்லாமல் எல்லா அமைப்பையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பிரீமியருக்கும் நியாயம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் ரிசால்வ் 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று படுத்துவிடும், அதுவும் வேலூர் மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் கேட்கவே வேண்டாம். சீசனில் உதவிக்கு ஆள் தேடினாலும் பிரீமியர் தெரிந்தவர்தான் சீக்கிரம் கிடைக்கிறார்.

ரிசால்வுக்குப் போவதாக இருந்தால் ஒன்று. ப்ராஜெக்ட்டுகள் அதன் டேட்டாபேஸுக்குள் இருக்கும், தனி ஃபைலாக ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் ஃபார்மட் போடுவதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். புதிய பதிப்புக்கு ஏற்றிய ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. அப்டேட்டை ஆடி மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள், அப்போது முகூர்த்தம் கிடையாது.